பத்து முகம் வேண்டும்

ஹெப்பிள்ஃபோர்ட் நகரமன்றம் இசையை உயிராக நேசிக்கிறது. இது என் கருத்தல்ல. நகரமன்றமே தன் ஆண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், மேயர் ஒரு டிரம்பெட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் படத்துக்குக் கீழே, இதைத் தெரிவித்திருக்கிறது.

நேசிக்கிற எதையும் சும்மா விட்டுவைக்கிற வழக்கம் நகரமன்றத்துக்குக் கிடையாது. ஆகவே விதி பதினான்கு பிறந்தது. நேரடி இசைக்கு அனுமதி பெற்ற பப் ஒவ்வொன்றும், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் குறைந்தது பத்து ரசிகர்களைக் காட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று முறை காட்டத் தவறினால் அனுமதி ரத்து. ரசிகர் என்றால் யார்? அதற்கும் விதியில் விளக்கம் உண்டு: "இசைக்குழுவை நோக்கி முகம் திருப்பியிருக்கும் நபர்." காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் பெயர் கிளைவ் ஆர்மராட். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடங்களின் கொதிகலன்களைப் பழுது பார்க்கிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு 'வாத்தும் வாளியும்' பப்பில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் நான்கு பேர். இருபத்தாறு வருடமாக அதே மூலை. வேறெந்தப் பப்பும் எங்களைச் சேர்த்துக்கொண்டதில்லை. அந்த மூலையும் போய்விட்டால் எனக்கு மிச்சம் கொதிகலன்தான்.

எங்களைப் பிடித்த சனியன், டவுன். எங்கள் ஊர்க் கால்பந்து அணி. ஐம்பத்தொரு வருடமாகக் கோப்பைப் போட்டியின் ஆரம்பத்திலேயே மண்ணைக் கவ்வி, எங்களைப் போன்ற கலைஞர்களுக்குப் பேருதவி செய்துவந்தது. இந்த வருடம் என்ன புத்தி கெட்டுப்போனதோ, ஜெயிக்க ஆரம்பித்துவிட்டது. அதுவும் சரியாக முதல் சனிக்கிழமைகளில், மாலை ஐந்தரை மணிக்கு.

பிப்ரவரியில் பப் நிரம்பி வழிந்தது. டிவி அந்தக் கோடியில், நாங்கள் இந்தக் கோடியில். எழுபது முதுகுகளுக்கு நாங்கள் வாசித்தோம். கேளிக்கை அனுமதிப் பிரிவின் அதிகாரி திரு. பெட்டிஃபர், கையில் எண்ணும் கருவியோடு வந்து, நான்கு முறை அழுத்தினார்.

"நாலு பேர்," என்றார்.

"அதுல ஒருத்தர் தூங்கறாரு சார்," என்றேன். உண்மை பேசும் கெட்ட பழக்கம் அப்போது எனக்கு இருந்தது.

"முகம் உங்க பக்கம்தானே இருக்கு? அப்ப அவரு ரசிகர்தான்."

"உள்ள எழுபது பேரு இருக்காங்களே சார். எல்லாருக்கும் காது இருக்கு."

"முதுகை எண்ணப் படிவத்துல கட்டம் இல்லீங்க," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

மார்ச்சில் டவுன் மறுபடி ஜெயித்தது. எங்களுக்கு ரசிகர்கள் இரண்டு. ஏப்ரலில் அரையிறுதி, அதுவும் முதல் சனிக்கிழமை. அன்றும் தவறினால் கதை முடிந்தது. நிகழ்ச்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து, அதை வீட்டில் சொன்னேன்.

என் மனைவி கிளெனிஸ் அப்போது டவுன் அணியின் கழுத்துத் துண்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மாத்தப் போறியா? நீ பப்புல வாசிச்ச ரெண்டு தடவையும் ஜெயிச்சிருக்கோம். நீ வீட்ல உக்காந்து பாத்த வருஷமெல்லாம் என்ன ஆச்சு?"

"தோத்தோம்," என்றார் மாமனார் வில்ஃப், நாற்காலியை விட்டு அசையாமல். "மாப்ளே, நீ வாசிச்சே ஆகணும். அதுல பேச்சே இல்ல."

"சரி மாமா. அப்ப நீங்க ரெண்டு பேரும் பப்புக்கு வந்து என் பக்கம் திரும்பி உக்காருங்க. இன்னும் எட்டுப் பேர் புடிச்சாப் போதும்."

"எப்படி வர்றது? போன தடவை ஜெயிச்சப்ப நான் இந்த நாற்காலில இருந்தேன். இவ சோபாவுல இடது மூலைல இருந்தா. இடம் மாறித் தோத்துட்டா ஊருக்கு யாரு பதில் சொல்றது? பிப்ரவரில போட்ட சாக்ஸையே இன்னும் நான் துவைக்கல."

அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம்.

கல்யாணமான நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக, "அந்தச் சத்தத்தை நிறுத்து" என்பதுதான் என் இசையைப் பற்றி கிளெனிஸ் சொன்ன ஒரே விமர்சனம். இப்போது முதல்முறையாக அவள் என்னை வாசிக்கச் சொல்கிறாள். ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. காரணம் ஞாபகம் வந்ததும் அது கோபமாக மாறிவிட்டது.

அரையிறுதி நாளில் எங்களைக் காப்பாற்றியவள் பப் நடத்தும் டோரின்.

"ரொம்ப யோசிக்காதய்யா," என்றாள். "டிவியக் கழட்டி உங்க டிரம்மர் தலைக்கு மேல மாட்டிட்டேன்."

பெட்டிஃபர் வந்தார். பப்பிலிருந்த ஒவ்வொரு முகமும் எங்களை நோக்கியிருந்தது. ஒருவர்கூடக் கண் இமைக்கவில்லை. அவர் தொண்ணூற்று நான்கு முறை அழுத்தினார். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு கூட்டத்தப் பாத்ததில்லீங்க," என்றார்.

பத்தாவது நிமிடம் ஒருவன் எங்களைப் பார்த்துக் கத்தினான்: "யோவ், சத்தத்தக் குறைங்கய்யா, கமென்ட்ரி கேக்கல." குறைத்தோம். இருபதாவது நிமிடம் இன்னும் குறைத்தோம். இடைவேளைக்குப் பிறகு ஒலிபெருக்கியையே அணைத்துவிட்டு விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம். டவுன் ஜெயித்தது. அடுத்த வாரமே, "நகரின் தலைசிறந்த நேரடி இசை அரங்கம்" என்ற சான்றிதழ், மேயரின் கையொப்பத்துடன் வந்து சேர்ந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆணி அடித்து அதை மாட்டியவன் நான்தான்.

மே மாதம் முதல் சனிக்கிழமை எந்தப் போட்டியும் இல்லை. டிவி அணைந்திருந்தது. நாற்பது பேர் எங்களுக்காகவே வந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டில் மேசைகளை ஓரம் தள்ளினார்கள். ஐந்தாவது பாட்டில் டோரின்கூட ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஆட வந்துவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு மாலை எங்களுக்கு வாய்த்ததில்லை. பெட்டிஃபர் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். கருவி ஒருமுறைகூடச் சத்தமிடவில்லை.

"பூஜ்யம்," என்றார்.

"சார், நாப்பது பேர் ஆடறாங்க."

"ஆமாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு ஆடறாங்க. உங்கள யாரும் பாக்கலியே."

"பாட்டக் கேட்டாத்தானே சார் ஆட முடியும்?"

"கேக்கறது எங்க பிரிவுல வராதுங்க. அது ஒலி மாசுப் பிரிவு."

விதி பதினான்கின் உட்பிரிவுப்படி, ஒரு பூஜ்யம் மூன்று தவறுகளுக்குச் சமமாகக் கருதப்படும். அனுமதி அன்றே ரத்தானது. சான்றிதழைத் திரும்பப் பெற விதியில் வழியில்லாததால், அது சுவரிலேயே இருந்தது.

இரண்டு வாரத்தில் இறுதிப்போட்டி. எனக்கு வாசிக்க இடமில்லை என்று தெரிந்ததும் மாமனார் வெளிறிப்போனார். நேரே பேக்கரிக்குப் போய், வரிசையில் நின்றவர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். திங்கட்கிழமை காலை நகரமன்ற வாசலில் முந்நூறு பேர் டவுன் துண்டோடு நின்றார்கள். விதி பதினான்கைத் திருத்தக் கோரி இசைக்கலைஞர்கள் கொடுத்த மனு பதினொரு வருடமாகத் தக்க பரிசீலனையில் இருக்கிறது. இவர்களுக்கு நாற்பதே நிமிடத்தில் அவசர அனுமதி கிடைத்தது.

நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, போட்டி பார்க்கும் பொதுமக்களின் காதில் இசை விழக் கூடாது. ஆகவே பப்பின் நிலவறையில், பீர் பீப்பாய்களுக்கு நடுவே வாசிக்க வேண்டும். இரண்டு, போட்டி முடியும்வரை இசை நிற்கவில்லை என்பதை அதிகாரி ஒருவர் உடனிருந்து சான்றளிக்க வேண்டும். என் குழுவின் மற்ற மூவரும் மேலே டிவிக்கு முன்னால் இடம் பிடித்துவிட்டார்கள். அதிர்ஷ்டம் கிளைவுடையது, தங்களுடையதல்ல என்று விளக்கமும் சொன்னார்கள்.

பெட்டிஃபர் ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, என் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்தார். கருவியை ஒருமுறை அழுத்தினார்.

"ஒண்ணு," என்றார்.

வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். கால்பந்துப் பைத்தியங்களை மேலே விட்டுவிட்டு இசையோடு தனியாக இருப்பதில் ஒரு கர்வமும் வந்தது. அரை மணி போனதும் பெட்டிஃபரின் கால் தாளம் போட ஆரம்பித்தது.

"நல்லாத்தான் இருக்குங்க," என்றார் மெதுவாக. "இத்தன வருஷமா எண்ணிக்கிட்டு இருந்ததுல கவனிக்கல."

எண்பத்தெட்டாவது நிமிடம். மேலே பெரிய கூச்சல். பிறகு ஒரேயடியாக அமைதி.

"பெனால்டி," என்றார் பெட்டிஃபர். கோட்டுக்குள்ளிருந்து டவுன் துண்டு எட்டிப் பார்த்தது. "யாருக்குன்னுதான் தெரியல."

அடுத்த கணம் நாங்கள் இருவரும் ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்று, தலைக்கு மேலிருந்த நிலவறைக் கதவில் காதை வைத்திருந்தோம். கிட்டார் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதை எப்போது கீழே வைத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

பெனால்டி எதிரணிக்கு. டவுன் தோற்றது.

பெட்டிஃபர் நேர்மையான மனிதர். படிவத்தை அங்கேயே நிரப்பினார்: "எண்பத்தெட்டாம் நிமிடத்தில் இசை நின்றது. ரசிகர்: பூஜ்யம். இசைக்கலைஞரும் அதிகாரியும் கதவை நோக்கி முகம் திருப்பியிருந்தனர்." நகரமன்ற வரலாற்றிலேயே பிழையில்லாத அந்த ஒரே அறிக்கையின் நகலை, நான் வீடு போய்ச் சேருமுன்பே பேக்கரிக் கண்ணாடியில் யாரோ ஒட்டியிருந்தார்கள்.

வீட்டில் மாமனார் சாக்ஸைக் கழற்றிக் குப்பையில் போட்டார். கிளெனிஸ் துண்டை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இருபத்திரண்டு வருஷமா நிறுத்து நிறுத்துன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ஒரு நாள் நிறுத்தினியா?" என்றாள். "இன்னைக்கு மட்டும் ஏன் நிறுத்தின?"