படிக்கலை என்றுதான் சொன்னேன்

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் இதை உட்கார்ந்தே படிக்கவும்.

நீங்கள் பொண்ணுக்குப் பார்த்துக் கொடுத்த இடத்திலிருந்து ஞாயிறன்று வந்துவிட்டுப் போனார்கள். முதல் நாளே நீங்கள் போனில், "பேசும்போது கையை ஆட்டித் தொலைக்காதேடா, மானம் போகுது" என்று எச்சரித்தீர்கள். துறைமுகத்தில் இருபத்தாறு வருஷமாகக் கீழே நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுகிறவன் நான். அந்த இரைச்சலில் ஏற்று, இறக்கு, நிறுத்து எல்லாமே கைதான், வாய்க்கு வேலையே கிடையாது. ஆனாலும் உங்கள் பேச்சைத் தட்டாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே டீ ஆறிக்கொண்டிருந்தது. பையனின் அப்பா தயங்கித் தயங்கி, "கையில ஏதாவது பிரச்சினையா?" என்றார். "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு. அக்காதான் இப்படி வச்சுக்கச் சொன்னாங்க" என்றேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மேல் வீட்டில் டிரில் மெஷின் போட ஆரம்பித்தான் அக்கா, சுவரே கிடுகிடுத்தது. பையனைப் பற்றி அவர்கள் நாலு பக்கம் விவரம் அனுப்பியிருந்தார்களே, அதைப் படித்தாயிற்றா என்று பையனின் அம்மா கேட்டார். என் மூக்குக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, அதனால் "இன்னும் படிக்கலைங்க" என்றேன். அவர் காதில் "பிடிக்கலைங்க" என்று விழுந்திருக்கிறது. முகம் சுருங்கிப்போய், "போட்டோவைப் பார்த்துமா?" என்றார். டிரில் சத்தத்தில் எனக்கு "பார்த்துமா" மட்டும்தான் கேட்டது; விவரத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஒரு தடவை பார்த்தா என்னங்க தேறும்? ரெண்டு மூணு தடவை பார்த்தாலும் தேறுமான்னு தெரியலை" என்றேன். எழுத்து அவ்வளவு பொடியாக இருந்தது அக்கா, வேறொன்றும் இல்லை. இருவரும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். உங்கள் தம்பி மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே எழுத முடியாது.

பின்னாலேயே ஓடினேன். காரை நிறுத்த இடம் கிடைக்காமல் பையன் கீழேயே இருந்தான். கார் ஒரு தண்ணீர் லாரிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. லாரி மோட்டார் சத்தத்தில் தெருவில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள், ஒன்றும் அவனுக்கு விளங்கவில்லை. கார் வெளியே வந்தால் பெற்றவர்கள் ஏறிப் போய்விடுவார்கள் என்று தெரிந்தும் எனக்குத் தாங்கவில்லை. காரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி போய் நின்று கை காட்ட ஆரம்பித்துவிட்டேன். இடது, மெல்ல, இன்னும் ஒரு சாண், நிறுத்து. கீறல் விழாமல் வெளியே வந்தது. பையன் இறங்கி, "ஒரு வார்த்தை பேசாம இவ்வளவு தெளிவா சொல்றீங்களே அங்கிள்!" என்றான். "அதுக்குள்ள ஏன் எல்லாரும் இறங்கிட்டீங்க?" என்று அவன் கேட்டதும், நான் காகிதத்தைப் புரட்டுகிற மாதிரி காட்டி, கண்ணைத் தொட்டு, மூக்குக் கண்ணாடி உடைந்ததைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினேன். "ஐயோ, படிக்கலைன்னா சொன்னீங்க?" என்று பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் லாரிக்காரரும் மோட்டாரை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார்.

மறுபடி மேலே வந்தார்கள். புது டீ. நான் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். பொண்ணும் பையனும் பால்கனியில் பத்து நிமிஷம் பேசினார்கள், சிரித்தும் கொண்டார்கள். பெரியவர்கள் நாங்கள் உட்கார்ந்து அடுத்த மாதம் இருபதாம் தேதி கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டோம். நீங்கள் முந்தின வாரமே வந்துவிடவும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: டிக்கெட் எடுக்க வேண்டாம். கவரை ஒட்டும் முன் பொண்ணு வாங்கிப் படித்தாள். அவளுக்கு வெளியூரில் இரண்டு வருஷ வேலை கிடைத்திருக்கிறதாம், அது முடிந்துதான் கல்யாணமாம், பால்கனியிலேயே பையனிடம் சொல்லி அவனும் சரி என்றுவிட்டானாம். "எங்ககிட்ட ஏம்மா சொல்லலை?" என்றேன். "நாலு பேர் உட்கார்ந்து தேதி குறிச்சீங்களே, ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களாப்பா?" என்கிறாள்.