மூன்றாவது சட்டை

இந்த ஆண்டு தன் சட்டை வாலை எவனுக்கும் கொடுப்பதில்லை என்று வெர்லின் டெஷ் முடிவு செய்துவிட்டார்.

விஸ்கான்சினில் அவர் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம். மான் வேட்டையில் குறி தப்பியவனைப் பிடித்து, சட்டையின் பின்பக்கத்து நுனியைக் கத்தரித்து, பெயரெழுதி, மதுக்கடைச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். கத்தரிப்பவர்கள் எல்லாரும் நண்பர்கள்தான். அதனால்தான் அத்தனை ஆசையாகக் கத்தரிப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெர்லினின் சிவப்புக் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை. போன ஆண்டு பச்சைக் கட்டம். இரண்டு வாலும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. வெள்ளிக்கிழமை மீன் பொரியல் சாப்பிடப் போனால், எவ்வளவு கூட்டமானாலும் அவற்றுக்கு நேர் கீழே உள்ள நாற்காலி மட்டும் அவருக்காகக் காலியாக இருக்கும்.

வெர்லினுக்கு ஐம்பத்தேழு வயது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, பாலாடைக்கட்டி ஆலையில் இறக்கும் லாரி அவருடையது. லாரியில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு யோசனைதான் துணை. யோசித்தார். இரண்டு வருஷமாகக் குறி தப்புவது யாருடைய தப்பு? கண்ணா? கையா? வயதா? மூன்றையும் தனித்தனியாக விசாரித்தார். மூன்றும் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. நீதிபதி தானே என்பது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். மிச்சமிருந்த ஒரே குற்றவாளி துப்பாக்கி.

அது மாமனார் கொடுத்தது. கல்யாணத்தன்று மகளோடு சேர்த்து ஒப்படைத்தார். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். சுட்டால் தோளில் உதைக்கும். மாமனார் உயிரோடு இருந்தவரை வாயால் மட்டுமே உதைத்தார். அந்தக் குறையைத் துப்பாக்கி தீர்த்து வைத்தது.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை சமையலறை மேசையில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி வந்து படுத்தது.

"இது என்ன?" என்றாள் மனைவி லவோன்.

"துப்பாக்கி."

"அது தெரியுது. நம்ம வீட்டுச் சட்டம் என்ன?"

"ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும்."

"எது போகுது?"

வெர்லின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். லாரியில் பல நாள் ஒத்திகை பார்த்த பேச்சு. "உங்கப்பாவோடது இருக்கே, பாவம் லவோன். குழல் தேஞ்சு போச்சு. முன்ன மாதிரி இல்ல. வயசாயிடுச்சு. ஓய்வு குடுத்துடறதுதான் மரியாதை."

"துப்பாக்கிக்கா?"

"பின்ன வேற யாருக்கு?"

"சும்மா கேட்டேன்." அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுல என்ன விசேஷம்?"

"விசைய ஒரு தடவ இழுத்தா ஒரு குண்டு போகும். அடுத்த தோட்டா தானா ஏறிக்கும். நாம ஒண்ணும் பண்ண வேணாம்."

"நீ ஒண்ணும் பண்ணாம உக்காரத்தான் டிவி வாங்கிக் குடுத்திருக்கேனே."

"உதையே கிடையாது லவோன். பச்சைக் குழந்தை தட்டற மாதிரி இருக்கும். இந்தக் கட்டைய நீட்டலாம், குறுக்கலாம். யாரு தோளுக்கும் பொருந்தும்."

"யாரு தோளுக்குமா?" என்றாள் லவோன்.

அந்தக் கேள்வியை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும். துப்பாக்கியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி," என்றாள். "சனிக்கிழமை துப்பாக்கி கிளப்புல எல்லாரும் குறி சரிபாக்கற நாள். ரெண்டையும் கொண்டு வா. நீயே சுடு. எது நல்லா சுடுதோ அது உன்னோடது. அதைத் தூக்கிட்டு வேட்டைக்குப் போ. தோக்கறது எனக்கு. நான் அதை என்ன பண்ணினாலும் நீ கேக்கக் கூடாது."

"ரெண்டையும் நானேவா சுடறேன்?"

"நீயேதான்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"அதை நான் சொல்லணும்."

அன்று பாத்திரங்களை அவரே கழுவினார், யாரும் சொல்லாமலே. பரீட்சை எழுதப் போவது அவர். யாரைப் பெயிலாக்குவது என்பதும் அவர் கையில். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்?

அந்த வாரம் முழுக்க அவள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுத் துப்பாக்கியை அளவுநாடா வைத்து அளந்துகூடப் பார்த்தாள். என்ன தைக்கிறாய் என்று கேட்டார்.

"இதுக்கு உறை," என்றாள்.

வெர்லினுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. தன் அப்பாவின் துப்பாக்கியை ஓரங்கட்ட வந்த எதிரிக்கு உறை தைக்கிற மனசு. அவளைப் போய் ஏமாற்றலாமா? மூன்று பண்ணை தூரம் லாரியில் இதை யோசித்தார். நான்காவது பண்ணையில் விடை கிடைத்தது. அவளை ஏமாற்றவில்லை. ஒரு துப்பாக்கியைத்தான் ஏமாற்றுகிறோம். துப்பாக்கிக்கு மனசு வருத்தப்படாது.

திட்டம் எளிது. தேய்ந்த குழலின் அடையாளம் சிதறல். ஒரே இடத்தில் குறிவைத்தாலும் குண்டுகள் ஆளுக்கொரு திசையில் போகும். மாமனார் துப்பாக்கியால் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று சுட்டுவிட்டால் போதும். பார்ப்பவர்கள் 'ஐயோ பாவம்' என்று தொப்பியைக் கழற்றிவிடுவார்கள்.

சனிக்கிழமை கிளப்பில் நல்ல கூட்டம். ஊரில் பாதி ஆண்கள் மேசைகளில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கூடாரத்தில் பெண்கள் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். லவோன் புளித்த முட்டைக்கோஸ் சட்டிக்குப் பொறுப்பு. சுடுதளத்துக்குப் பொறுப்பு பக்கத்து வீட்டு நார்பர்ட் சாஸ்ட்ரோ. ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு, யார் எப்போது சுடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று கத்துகிற வேலை. வீட்டில் கத்த முடியாததையெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை இங்கே கத்தித் தீர்த்துக்கொள்வார்.

வெர்லின் தன் இலக்குத் தாள்களைத் தேடினார். நடுவில் ஒரே ஒரு வட்டம் போட்ட தாள்கள். காணோம்.

"அது மேல முட்டைக்கோஸ் தண்ணி கொட்டிடுச்சு," என்றாள் லவோன். "இந்தா, கிளப்புத் தாள் இருக்கு. மாட்டிக்கோ."

அதில் நடுவில் ஒரு பெரிய கறுப்பு வட்டம். நாலு மூலையிலும் நாலு சின்னக் கறுப்பு வட்டம். எதுவானால் என்ன? நூறு கஜத்துக்கு அப்பால் இரண்டு தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தார்.

முதலில் மாமனார். மேசையில் மணல்மூட்டையின் மேல் அதைச் சாய்த்துவைத்தார். துப்பாக்கி மேல் பொருத்திய குட்டித் தொலைநோக்கியில், ஸ்கோப்பில், கண்ணை வைத்தார். எங்கேயாவது சுட வேண்டும். எங்கேயாவது என்பது எங்கே? வெள்ளைத் தாளில் சும்மா ஓர் இடத்தைப் பார்த்துச் சுடக் கை ஒப்பவில்லை. ஏதாவது ஒன்றைப் பார்த்துத்தானே சுட முடியும்? இடது மேல்மூலை வட்டத்தைப் பார்த்தார். தோற்பதற்காகச் சுடுகிறவனுக்குப் பயம் ஏது? மூச்சு சீராக இருந்தது. தோள் தளர்ந்திருந்தது. விசை வெண்ணெய் மாதிரி வந்தது. உதைத்தது. உதைக்கட்டுமே, கடைசி உதை. பிறகு வலது மேல். இடது கீழ். வலது கீழ்.

ஸ்கோப் வழியாகத் தாளைப் பார்த்தார். வெள்ளையில் ஓர் ஓட்டைகூட இல்லை. தாளிலேயே படவில்லை. திட்டமிட்டதைவிட மோசம், அதாவது திட்டமிட்டதைவிட நல்லது.

"பாத்தியா நார்பர்ட்? தாள்லயே படல. தேஞ்சு போச்சு."

"அச்சச்சோ. நல்ல மனுஷனோட துப்பாக்கிப்பா அது," என்றார் நார்பர்ட்.

இனிப் புதுசு. கையில் எடுத்ததுமே மனசு இளகியது. எடை குறைவு. புது எண்ணெய் வாசனை. தோட்டாப் பெட்டி 'டக்' என்று உள்ளே போய் உட்கார்ந்த சத்தமே தனி அழகு. ஸ்கோப்பைக் கடையிலேயே பொருத்திச் சரிபார்த்துக் கொடுத்திருந்தார்கள். நடுவட்டத்தைக் குறிவைத்தார். இது நன்றாகச் சுட வேண்டும். சுட்டே ஆக வேண்டும். இரண்டு சட்டை வாலும் மனக்கண்ணில் ஆடின. விரல் வியர்த்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூடியது அவருக்கே தெரியாது.

டமார். உண்மையிலேயே உதை இல்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வலது பக்கம் பறந்துபோய்ப் பக்கத்து மேசைக்காரரின் காப்பிக் குவளையில் விழுந்து 'சுய்' என்றது.

"சக்கரை போட்டாச்சுப்பா, போதும்," என்றார் அவர்.

வெர்லின் ஸ்கோப்பில் பார்த்தார். ஓட்டை வட்டத்துக்கு வெளியே, கீழே இடதுபுறம். முதல் குண்டு அப்படித்தான். இரண்டாவது மேலே. மூன்றாவது தாளின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போனது. நான்காவது மறுபடி கீழே. கல்யாண வீட்டில் சிந்திய சாதம் மாதிரி இருந்தது தாள். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நிம்மதி வந்தது. எப்படியானாலும் இது தாளில் பட்டிருக்கிறது. அது தாளிலேயே படவில்லை. புதுசுக்கே வெற்றி.

"எல்லாரும் நிறுத்து," என்று நார்பர்ட் கத்தினார். "துப்பாக்கியக் காலி பண்ணு. கைய எடு. போய்ப் பாக்கலாம்."

எல்லாரும் இலக்குகளை நோக்கி நடந்தார்கள். லவோன் கூடாரத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள், கையில் தொத்திறைச்சி வைத்த ரொட்டி. புருஷனுக்குத்தான் என்று நினைத்தார். அவளே கடித்தாள்.

நார்பர்ட் முதல் தாளுக்கு முன்னால் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

"வெர்லின்."

"சொல்லு."

"இங்க வாப்பா."

நாலு மூலையிலும் நாலு சின்னக் கறுப்பு வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் நட்டநடுவிலும் ஒரு ஓட்டை. துளைக்கருவியால் துளை போட்டது மாதிரி. கறுப்பில் விழுந்ததால்தான் தூரத்திலிருந்து தெரியவில்லை.

"நாலு குண்டு, நாலு மூலை, நாலும் நடுவுல," என்றார் நார்பர்ட். "இத்தனை வருஷமா இங்க நின்னு கத்திட்டு இருக்கேன். இப்படி ஒருத்தன் சுட்டு நான் பாத்ததில்ல. கையக் குடு."

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் முதுகில் தட்டினார். காப்பிக்காரர் வெர்லினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெர்லின் கணக்குப் போட்டார். 'அங்கே குறிவைக்கவில்லை' என்று சொன்னால் நாலு ஓட்டையும் பொய் சாட்சி சொல்லாது. 'தோற்கடிக்கத்தான் அங்கே குறிவைத்தேன்' என்றால் மானம் போகும். 'ஆமாம், அங்கேதான் குறிவைத்தேன்' என்றால் துப்பாக்கி போகும்.

லவோன் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள். "அங்கதானே குறி வச்ச, தங்கமே?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றார் வெர்லின்.

கைதட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குக் குறி இல்லாம சுட வராது வெர்லின். அழுக்குக் காலுறையைக் கூடைக்கு வெளியதான் போடுவ. ஆனா அந்த வெளியிலயும் தினமும் ஒரே இடத்துலதான் போடுவ. வட்டம் இருந்தா அதைத்தான் சுடுவ, வேணும்னே தப்பா சுட்டாலும்." அவள் இரண்டாவது தாளைப் பார்த்தாள். சிந்திய சாதத்தை ஒருமுறை கண்ணால் அளந்தாள். "அப்ப இது தோத்துடுச்சு. பாவம். எனக்குத்தான்."

அந்தத் தாளைக் கிழித்தெடுத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை மாட்டினாள்.

எல்லாரும் திரும்பி வந்ததும் மேசையில் உட்கார்ந்தாள். துப்பாக்கிக் கட்டையைக் 'கிளிக், கிளிக்' என்று இரண்டு படி குறுக்கித் தன் தோளுக்குச் சரியாக்கிக்கொண்டாள். சுடலாம் என்று நார்பர்ட் கத்தினார். மூன்று குண்டு. அவசரமில்லை. பிறகு எல்லாரும் மறுபடி நடந்தார்கள். மூன்று ஓட்டையும் நடுவட்டத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. ஒரு பீர் மூடியால் மூடிவிடலாம்.

"அப்ப ரெண்டு துப்பாக்கியுமே நல்லாத்தான் இருக்கு," என்றார் நார்பர்ட். சொல்லிவிட்டு வெர்லினைப் பார்த்தார். நண்பனல்லவா, உடனே வானத்தைப் பார்த்தார். "காத்துதான் காரணமா இருக்கும்."

கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கியது.

"நீ எதுக்கு சுடற?" என்று வெர்லின் மனைவியைக் கேட்டார்.

"எங்கண்ணன் பண்ணையில மரத்து மேல மேடை போட்டாச்சு. வேட்டை உரிமமும் எடுத்தாச்சு. அப்பா துப்பாக்கி என் தோளுக்கு ஆகல. உதைக்காததா ஒண்ணு வேணும்னு இருந்தேன். நீயே வாங்கிட்டு வந்துட்ட."

"இதெல்லாம் எப்ப நடந்துது?"

"நீ லாரியில யோசிச்சிட்டு இருந்தப்ப."

திரும்பும் வழியில் வெர்லின் வண்டி ஓட்டினார். பொரித்த பாலாடைக்கட்டிப் பொட்டலம் இருவருக்கும் நடுவில் சூடாக இருந்தது. நாலு மூலைத் தாளை நார்பர்ட் வாங்கிக்கொண்டு போயிருந்தார். மதுக்கடைச் சுவரில், இரண்டு வாலுக்கும் நடுவில் மாட்டப் போகிறாராம். இனி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தலை நிமிர்ந்து சாப்பிடலாம். மாமனார் பின் இருக்கையில் கம்பீரமாகப் படுத்திருந்தார். தோற்க நினைத்தால் இத்தனை நன்றாகச் சுடும் கை, ஜெயிக்க நினைத்தால் ஏன் சொதப்புகிறது? நல்ல கேள்வி. திங்கட்கிழமை லாரியில் பார்த்துக்கொள்ளலாம். வெயில் இதமாக இருந்தது. ஒரு துண்டு பாலாடைக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் லவோன் புது உறையைத் திறந்து, துப்பாக்கியைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல உள்ளே விட்டாள். அளவு கச்சிதம். உள்பக்கம் மெத்தென்று துணி. ஒரு பாதி சிவப்புக் கட்டம். மறுபாதி பச்சைக் கட்டம்.

"எங்கயோ பாத்த துணியா இருக்கே," என்றார் வெர்லின்.

"வால் போன சட்டைய வேற என்ன பண்றது? வீணாவா போட முடியும்?"

தோல்வியிலும் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. "நல்லாத்தான் தச்சிருக்க. ஆனா தோள்ல மாட்ட வார் இல்லையே?"

"துணி பத்தல," என்றாள் லவோன். "வேட்டைக்குப் போறப்ப அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையப் போட்டுட்டுப் போ. வாருக்கு அதுதான் எடுப்பா இருக்கும்."