வெண்புறா பங்கும் அறுப்பின் பண்டிகை ஏலமும்

சேலையூர்,
15-10-1972

மதிப்பிற்குரிய மச்சான் வில்பிரட் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் சுவிசேஷமுத்து எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையால் இங்கு யாவரும் சுகம், தாங்கள் வாங்கச் சொன்ன வெண்புறா மின்விசிறிக் கம்பெனிப் பங்குகளைத் தவிர. தாங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள்; யோசனை சொன்னவர்களுக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை.

உங்கள் தங்கை ஞானசௌந்தரி தையல் மெஷினுக்குச் சேர்த்த பணத்தில் நூறு பங்கு வாங்கினேன் அல்லவா, போன வாரம் பேப்பரில் பார்த்தால், இரண்டு வருஷமாகக் கணக்குக் காட்டாத கம்பெனிகளை மாதக் கடைசியில் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப் போகிறார்களாம், அதில் வெண்புறாதான் முதல் பெயர், எதிலாவது முதலில் வந்ததே என்று தரகரிடம் போனேன், நீக்கிவிட்டால் சந்தையில் விற்க முடியாது, நீங்களே வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய் விற்க வேண்டியதுதான் என்றார், சரி, கம்பெனியையாவது கண்ணால் பார்ப்போமென்று ரயிலேறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஃபாக்டரிக்குப் போனால், கேட்டில் வாட்ச்மேன் துரை பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறார்.

“ஃபேன் கம்பெனியில உங்களுக்கு ஒரு ஃபேன் கிடையாதா?” என்றேன்.

“கரண்டையே புடுங்கிக்கினு பூட்டான் சார். இன்னா, நீயும் துட்டு போட்டுக்கிறியா?” என்று இரக்கப்பட்டு விசிறியை என் பக்கம் திருப்பினார். இந்த முதலீட்டில் நான் கண்ட ஒரே லாபம் அந்தக் காற்றுதான்.

உங்கள் தங்கையிடமோ ஆறு மாதமாக, ‘ஏறுது, ஏறுது’ என்றே சொல்லி வந்திருக்கிறேன். உண்மை தெரிந்தால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது. அதனால், இன்று கோயிலில் அறுப்பின் பண்டிகை, பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே பங்குப் பத்திரங்களை உறையில் போட்டு, பெயர் சொல்லாமல் காணிக்கையாக வைத்துவிட்டு, காணிக்கைகளை ஏலம் விடும்வரை நிற்காமல் வந்து இதை எழுதுகிறேன். மெஷின் பணம் எங்கே என்று கேட்டால், கர்த்தருக்குக் கொடுத்துவிட்டேன் என்பேன். அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்?

இனி யோசனை ஏதும் தோன்றினால் உங்கள் எதிரிகளுக்குச் சொல்லவும். அக்காவுக்கு ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

நிம்மதியுடன்,
சுவிசேஷமுத்து

பின்குறிப்பு: மேலே ‘நிம்மதியுடன்’ என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஞானசௌந்தரி ஏலத்திலிருந்து வந்துவிட்டாள். உபதேசியார் சாலமோன் கம்பெனிப் பெயரை வாசித்து ஐந்து ரூபாயில் ஏலத்தைத் தொடங்கியும் கோயிலில் ஒருவரும் கேட்கவில்லையாம். “எங்க அண்ணன் சொன்ன கம்பெனியை அஞ்சு ரூபாய்க்கா விடறது?” என்று இவள் தன்னோடு தானே போட்டி போட்டு ஏற்றி, மெஷினுக்கு மறுபடி சேர்த்திருந்த நூற்றுப் பத்து ரூபாயையும் கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள். இப்போது உறையைப் பிரித்து, பத்திரத்தில் யார் பெயர் என்று படித்துக்கொண்டிருக்கிறாள். மச்சான், உங்கள் தங்கையின் பட்டியலில் நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள். நீக்கல் நோட்டீஸ் எனக்குத்தான்.