ஆச்சுக்காரர்

மனிதர்களில் ஆச்சுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தபாலைப் போட்டாச்சா? ஆச்சு. குழாய் ரிப்பேர்காரரிடம் சொல்லியாச்சா? ஆச்சு. பொய்யர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். பொய்யர் தன் லாபத்துக்காகச் சொல்கிறார். ஆச்சுக்காரரோ கேட்டவர் மனம் நோகக்கூடாதே என்று சொல்கிறார். கேட்டவர் முகம் மலர வேண்டும், கேள்வி அத்தோடு நிற்க வேண்டும், எங்கும் சத்தம் கிளம்பக் கூடாது. வேலைதானே, அது மெதுவாக நடந்துகொள்ளட்டும்.

இந்த ரகம் எல்லாத் தொழிலிலும் உண்டு. என்றாலும் இன்று நம் சித்திரத்துக்காக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர். யூனிக்ஸ் வழியில் வந்த ஒரு சின்ன இயங்குதளம் இருக்கிறது. உலகம் முழுவதும் சில ஆயிரம் பேர் பிடிவாதமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நம்மவர் அதற்குச் சம்பளமில்லாத தொண்டர். ஆபீஸ் போகுமுன் காலையில் இரண்டு மணி நேரம், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், காபி ஆறிப்போக எழுதுவார்.

எழுதியது என்ன? கம்ப்யூட்டரில் கோப்புகளை எங்கே வைப்பது, கேட்டால் எப்படித் தேடி எடுப்பது என்று கவனிக்கும் பகுதிக்குக் கோப்பு முறைமை என்று பெயர். வழக்கமாக அது கர்னல் என்கிற உள்ளறைக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியே, சாதாரண நிரல்களோடு நிரலாக இருந்துகொண்டு அதே வேலையைச் செய்யும் கோப்பு முறைமைகளும் உண்டு. ஆனால் அவற்றில் உருப்படியானவை எல்லாம் வேறொரு பெரிய இயங்குதளத்துக்காக எழுதப்பட்டவை. இங்கே கொண்டுவந்து வைத்தால் அவை கேட்பது இதற்குப் புரியாது, இது சொல்வது அவற்றுக்குப் பிடிக்காது. நம்மவர் இரண்டுக்கும் நடுவில் ஓர் இணக்க அடுக்கு எழுதினார். அது அந்தப் பக்கம் கேட்பதை இந்தப் பக்கத்துப் பாஷையில் மாற்றிச் சொல்லும், பதிலை அந்தப் பக்கத்துப் பாஷையில் திருப்பிக் கொடுக்கும். "ரெண்டு பக்கமும் ஒரு வரிகூட மாத்த வேண்டாம்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மகள் முதல் மார்க் வாங்கிய தகப்பன்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டான்.

இதற்கென்றே பிறந்தவர் ஐயா அவர். வீட்டில் அவருக்குப் பல வருஷப் பயிற்சி. மாடியில் அவருடைய அக்கா, கீழே மனைவி. "மாடிப்படியில படம் வரையுற பலகையைச் சாய்ச்சு வைக்காதேன்னு உன் பெண்டாட்டிகிட்ட சொல்லு" என்று அக்கா சொன்னால், அது படியிறங்கி வருவதற்குள் "அக்கா உன்னை ரொம்ப விசாரிச்சாங்க" என்று ஆகிவிடும். "காலங்கார்த்தால தலைக்கு மேல நாற்காலியை இழுக்காதீங்கன்னு அண்ணிகிட்ட சொல்லுங்க" என்று மனைவி சொன்னால், அது படியேறும்போது "உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டா" என்று மாறும். சொல்லிட்டியா என்று அக்கா கேட்டால் ஆச்சு. சொல்லிட்டீங்களா என்று மனைவி கேட்டால் ஆச்சு. பலகை படியிலேயே இருந்தது, நாற்காலி இழுபட்டுக்கொண்டே இருந்தது, ஆறு வருஷமாக வீட்டில் ஒரு சண்டை கிடையாது.

அடுக்கின் கதைக்கு வருவோம். அந்தப் பக்கத்து நிரல்கள் மொத்தம் முப்பத்தெட்டு விதமாகக் கேட்கும். திற, படி, எழுது, பெயரை மாற்று, அழி என்று போகும் அந்தப் பட்டியலில் முப்பத்தொன்றை நம்மவர் மனசாட்சியோடு எழுதி முடித்தார். ஏழு மிச்சம். அந்த ஏழில் ஒன்று முக்கியமானது: 'எழுதியதெல்லாம் வட்டில் பத்திரமாக இறங்கிவிட்டதா?' எழுதியது கொஞ்ச நேரம் மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் காத்திருந்துவிட்டுத்தான் வட்டில், அதாவது டிஸ்கில், இறங்கும். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் கர்னலுக்குள் போய் இரண்டு வாரம் உழைக்க வேண்டும். கர்னல் வாசலிலோ, எந்த மாற்றத்தையும் பரிசோதித்து உள்ளே விடுகிற ஒருவர் நிற்கிறார். எதைக் கொண்டுபோனாலும் 'முடியாது' என்று சொல்வதால் கறார் அண்ணன் என்று பெயர் வாங்கியவர். சரி, 'இந்த வசதி இங்கே இல்லை' என்று நிரலிடம் உள்ளதைச் சொல்லலாமே? சொன்னால் அது முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். ஒருவர் முகம் வாடுவதை நம்மவர் தாங்குவாரா?

அந்தத் தொழிலில் சைபர், அதாவது பூஜ்யம், என்று பதில் அனுப்பினால், வேலை குறைவில்லாமல் முடிந்தது என்று அர்த்தம். நம்மவர் ஏழு கேள்விக்கும் ஒரே பதிலாகச் சைபரை எழுதினார். மேலே 'பிறகு பார்க்கலாம்' என்று ஒரு குறிப்பு. நிரல் துள்ளிக்கொண்டு ஓடியது. எங்கெங்கிருந்தோ பாராட்டு மடல்கள் வந்தன. கறார் அண்ணன் மட்டும், வட்டில் இறக்குகிற விஷயத்தை என்ன செய்தாய் என்று ஒரு வரி கேட்டு எழுதினார். அதெல்லாம் ஆச்சு அண்ணா என்று பதில் போனது.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் ஆச்சுக்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு. ஊரார் நம்பும் ஆச்சுவை ஒருநாள் அவர்களே நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

மனைவி மருத்துவப் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர். மனிதக் கையின் இருபத்தேழு எலும்புகளையும் நாலு பக்கமிருந்தும் வரைந்து தர வேண்டும். எட்டு மாத வேலை, பதிப்பகத்துக்குத் தர ஒரு திங்கட்கிழமை கெடு. பதினோரு எலும்பு முடிந்திருந்த சமயத்தில் நம்மவர் பெருமையோடு மனைவி படம் வரையும் கம்ப்யூட்டரில் தன் இயங்குதளத்தைப் போட்டு, தன் அடுக்கைப் போட்டு, அதன்மேல் இரண்டு வட்டில் ஒரே நேரத்தில் எழுதும் கோப்பு முறைமை ஒன்றையும் ஏற்றி வைத்தார். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் தனியா காப்பி எடுத்து வெச்சுக்கணுமா?"

"எதுக்கு? அதுவே ரெண்டு இடத்துல எழுதிக்கும்."

கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால், புதன்கிழமை காலை அக்கா படியில் நின்று, பதினொரு மணிக்கு எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு மீட்டர் மாற்றப் போகிறார், கீழே கம்ப்யூட்டரை நிறுத்திவைக்கச் சொல்லு என்றார். அன்று ஆபீசுக்கு லீவில் இருந்த நம்மவர் கீழே வந்து பார்த்தார். மனைவி கட்டைவிரலின் கடைசி எலும்பில் மூழ்கியிருந்தார். கெடு நெருங்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள் என்றால் கோபம் வரும், கோபம் மாடி ஏறும், அக்கா இறங்கி வருவார். எதற்கு இத்தனை சத்தம்? ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை படம் தானாகச் சேமிக்கப்படுகிறது. பத்திரமாக இறங்கிவிட்டதா என்று நிரல் கேட்கிறது. ஆச்சு என்று அடுக்கு சொல்கிறது. அப்புறம் என்ன பயம்? யார் எழுதிய அடுக்கு அது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

சொல்லிட்டியா என்று மேலிருந்து குரல் வந்தது. ஆச்சு என்று கீழிருந்து குரல் போனது.

பதினொன்றுக்கு மின்சாரம் நின்றது. நிற்பதற்கு ஒரு நொடி முன்னால்தான் நிரல் எந்தப் படம் வட்டில் எங்கே இருக்கிறது என்னும் புது அட்டவணையை எழுதி, இறங்கிவிட்டதா என்று கேட்டு, ஆச்சு என்ற பதிலை நம்பி, பழைய அட்டவணையை இரண்டு வட்டிலிருந்தும் துடைத்துப்போட்டிருந்தது. புதியது எங்கேயும் இறங்கவில்லை. பன்னிரண்டுக்கு மின்சாரம் வந்து பார்த்தால், இயங்குதளம் மாற்றுமுன் எடுத்த பழைய காப்பியில் இருந்த பதினோரு எலும்பு போக, பதினாறு எலும்பு இல்லை. மனைவி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு, பேனாவைப் பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவம், அதைப் பார்க்க யாருக்கும் மனசு கேட்காது.

அந்த நேரம் பார்த்து அக்கா இறங்கி வந்தார்.

"வேலை ஒண்ணும் கெடலையே? தம்பி சொல்லிட்டான்ல?"

"இவர் என்கிட்ட என்ன சொன்னாரு அண்ணி?"

அவ்வளவுதான். ஆறு வருஷச் சேதி அத்தனையும் அந்த வாசற்படியில் வெளியே வந்தது. நான் எங்கே விசாரித்தேன், பலகையை எடு என்றல்லவா சொன்னேன் என்றார் அக்கா. நான் உங்கள் முழங்காலைக் கேட்டதே இல்லை, உங்கள் முழங்காலில் வலி என்பதே இப்போதுதான் தெரியும் என்றார் மனைவி. எனக்கு முழங்காலில் வலியே இல்லை என்றார் அக்கா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்தார்கள்.

சண்டை வருமென்றுதானே பயந்தார்? வரவில்லை. அக்கா பலகையைத் தானே தூக்கிக்கொண்டு போய், நல்ல வெளிச்சமுள்ள தன் முன்னறையில் போட்டுக் கொடுத்தார். மனைவி அக்காவின் நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினார். பதிப்பகம் இரண்டு மாதம் கொடுத்தது. மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு இப்போது நேராகப் போகிறது. நடுவில் ஆள் வேண்டியதில்லை.

நம்மவர் பத்து நாள் லீவு போட்டார். சைபரை எடுத்துவிட்டு ஏழு இடத்திலும் உள்ளது உள்ளபடி எழுதினார். வட்டில் இறக்குகிற வேலையை ராப்பகலாக உட்கார்ந்து நிஜமாகவே செய்தார். முடியாத மற்ற ஆறுக்கும் முடியாது என்றே எழுதினார். ஆறு நிரல்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன. பாராட்டியவர்கள் எல்லாம் திட்டி எழுதினார்கள். கறார் அண்ணன் நாலு தடவை திருப்பி அனுப்பிவிட்டு, ஐந்தாவது தடவை ஏற்றுக்கொண்டார். நம்மவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது மனைவி கேட்டார்: "அந்த அடுக்கைச் சரி பண்ணியாச்சா?"

"ஆச்சு."

மனைவி அதுவரை வரைந்ததையெல்லாம் தனி வட்டு ஒன்றில் காப்பி எடுத்து, அதைக் கைப்பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். இந்தத் தடவை உண்மையாகவே ஆகியிருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்றோ இன்று காலையோ யாரோ உங்களிடம் ஒரு சேதி சொல்லி, இன்னொருவரிடம் சேர்க்கச் சொன்னார்கள், இல்லையா? அதைச் சொல்லிவிட்டீர்களா?

பொறுங்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.