புலி இல்லை என்று வைத்துக்கொள்வோம்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்கிறவர்கள், ஊரில் இருப்பவற்றைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வரட்டும். பிறகு பேசிக்கொள்வோம்.

அங்கே பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தாள் கோமளவல்லி என்ற புள்ளிமான். வேறு எதிலும் இடம் கிடைக்காமல் சேர்ந்தவள் இல்லை, பாவம், விரும்பியே சேர்ந்தாள். அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு குட்டை. கோடை வந்தால் விடிவதற்குள் வரிசை ஆரம்பித்துவிடும். பன்றிகள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் இடம் பிடித்து வைக்கும். யானைகளோ வரிசை என்றால் என்ன என்பதுபோல் நேரே இறங்கிவிடும். மான்களின் முறை வரும்போது வெயில் மண்டையைப் பிளக்கும், குட்டையில் சேறுதான் மிஞ்சியிருக்கும். போன கோடையில் கோமளவல்லியின் தங்கை வரிசையிலேயே மயங்கி விழுந்தாள். அன்று கோமளவல்லி தேம்பித் தேம்பி அழுதாள். இந்த வரிசைக்கு ஒரு வழி காணாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். தட்டுப்பாட்டைப் பற்றிப் படிப்பதுதான் பொருளாதாரம் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், அடுத்த வாரமே வகுப்பில் இருந்தாள்.

துறைத் தலைவர் தாண்டவராயர், ஒரு கருமந்தி. அத்திமரத்து உச்சிக் கிளையில் உட்கார்ந்துதான் பாடம் நடத்துவார். சாப்பாடு, தூக்கம், துறைக் கூட்டம் எல்லாம் அங்கேயே. மரப்பொந்தில் தேங்கும் மழைநீர் அவருக்குப் போதும். அவர் கால் தரையில் பட்டுப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

முதல் வகுப்பில் தாண்டவராயர் வாலை மேலிருந்து கீழாகச் சரித்தார். "இது தேவைக் கோடு." கையைக் கீழிருந்து மேலாக நீட்டினார். "இது அளிப்புக் கோடு. ரெண்டும் வெட்டிக்கிற இடத்துக்கு வந்து நின்னா எல்லாருக்கும் திருப்தி."

கோமளவல்லி எழுந்து நின்றாள். "சார், அந்த இடத்துல புலி நின்னா?"

வகுப்பே சிரித்தது. தாண்டவராயர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர், அதாவது நல்ல குரங்கு.

"நல்ல கேள்விம்மா. அதெல்லாம் மேல்படிப்புல வரும். இப்போதைக்குப் புலி இல்லைன்னு வெச்சுக்குவோம்."

கோமளவல்லி அப்படியே வைத்துக்கொண்டாள். இளங்கலை முழுவதும் புலி வரவில்லை. முதுகலையில் சேர்ந்ததே புலியைப் பார்க்கத்தான். வந்தது. ஒரு நீளமான சமன்பாட்டின் நடுவே, சின்னதாக, 'பு' என்ற எழுத்தாக வந்தது. ஆனால் அந்த எழுத்து இருக்கும்வரை சமன்பாடு தீருவேனா என்றது. மற்ற மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

"பு-வைப் பூஜ்யம்னு வெச்சுப் பாருங்க" என்றார் தாண்டவராயர் கிளையிலிருந்து.

வைத்தார்கள். சட்டென்று தீர்ந்தது. கோமளவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உலகத்தில் இவ்வளவு அழகான ஒன்று இருக்கிறது என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்றுகூட நினைத்தாள். முனைவர் பட்ட ஆய்வுக்கு அவள் பதிவு செய்தபோது, முதலாண்டு வகுப்பெடுக்கும் வேலையும் கூடவே வந்தது. ஒருநாள் ஒரு முயல் கையைத் தூக்கி, "மேடம், புலி?" என்று கேட்டது. கோமளவல்லிக்கு அந்த முயலைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. எவ்வளவு அடிப்படை தெரியாமல் படிக்க வந்துவிடுகிறார்கள்!

ஆய்வு குட்டையைப் பற்றித்தான். எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்ற விவரமெல்லாம் நாரைகள் சேகரித்துத் தந்தன. அதைப் பரப்பி வைத்துப் பார்த்தவள் துள்ளிக் குதித்தாள். காலையெல்லாம் அடிதடி, தள்ளுமுள்ளு. சாயங்காலமோ குட்டைப் பக்கம் ஈ காக்கை இல்லை! தண்ணீர் தெளிந்து, நிழல் விழுந்து, ஆளில்லாமல் கிடக்கிறது. இத்தனை காலமாக இத்தனை விலங்குகளும் அந்தச் சாயங்காலத்தை வீணடித்திருக்கின்றன. ஏன் என்பதற்கு அடிக்குறிப்பில் காரணம் எழுதினாள்: பழக்கம். எல்லோரும் சாயங்காலத்துக்கு மாறினால் வரிசையே இருக்காது என்று ஆய்வேட்டை முடித்தாள். தங்கை இனிமேல் மயங்கி விழமாட்டாள் என்ற நினைப்பில் கண் கலங்கியது.

ஆய்வேட்டை மதிப்பிடப் புறத்தேர்வாளர் வேண்டுமல்லவா? குட்டையில் நீண்டகால அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும் என்பது விதி. அப்படி ஒருவர்தான் இருந்தார். வாய்மொழித் தேர்வன்று அந்தப் புலி கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு வந்து உட்கார்ந்தது. தாண்டவராயர் வழக்கம்போல் கிளையிலேயே இருந்துவிட்டார். கோமளவல்லியின் உறவுக்காரர்கள் பட்டும் படாடோபமுமாக வந்து, கடைசி வரிசையில் கதவை ஒட்டி நின்றார்கள்.

"அருமையான ஆய்வு" என்றது புலி. "இவ்வளவு நடைமுறைப் பயன் உள்ள ஆய்வேட்டை நான் படிச்சதே இல்ல. ஒரே ஒரு கேள்வி. எப்பலேர்ந்து அமல்படுத்துறீங்க?"

"நாளைக்கே, சார்!"

புலி கையெழுத்துப் போட்டது. கோமளவல்லிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புறத்தேர்வாளருக்கு மதியச் சாப்பாடு போடுவது ஆய்வு மாணவரின் பொறுப்பு என்பதால், கோமளவல்லி வாழையிலை போட்டுக் காத்திருந்தாள்.

"வேண்டாம்மா" என்றது புலி. "நாளைக்குச் சாயங்காலம் பாத்துக்கறேன்."

எவ்வளவு எளிமையான மனிதர் என்று எல்லோரும் வியந்தார்கள்.

மறுநாள் விடிந்தது. மான்கள், பன்றிகள், யானைகள் எல்லோருக்கும் செய்தி போயிருந்தது. எல்லோரும் அதை நம்பவும் செய்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு கணக்குப் போட்டார்கள். 'எல்லாரும்தான் சாயங்காலம் போயிடுவாங்களே, அப்ப காலையில குட்டை காலியா இருக்கும். நாம மெதுவா இப்பப் போயிட்டு வந்துருவோம்.' விளைவு, அன்று காலையில் இருந்த வரிசையைப்போல் ஒரு வரிசையை அந்தக் காடு கண்டதே இல்லை. கோமளவல்லி மட்டும் தாகத்தோடு வீட்டில் இருந்தாள். கொள்கையை எழுதியவள் அல்லவா.

சாயங்காலம் பொன்னாடையோடு குட்டைக்குப் போனாள். ஆய்வேட்டில் எழுதியது போலவே தண்ணீர் தெளிந்திருந்தது. நாணலை விலக்கிக்கொண்டு, இந்த முறை கோட்டு இல்லாமல், புலி வந்தது. விருந்துக்கு அது அழைத்திருந்த பெரியப்பாப் புலியும் மாமாப் புலியும் பின்னால் வந்தார்கள்.

கோமளவல்லி ஓர் அடி பின்வாங்கினாள். அடக் கடவுளே, புலி இருக்கிறது! இத்தனை வருடப் படிப்பில் இதுதான் அவள் கண்ணால் கண்ட முதல் தகவல். தங்கையை நினைத்துக்கொண்டாள். இனி அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"டாக்டர், நீங்க மட்டும்தானா?" புலியின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மத்தவங்கள்லாம் எங்கே?"

"வ... வரலை, சார்."

"அப்ப இருக்கறதை வெச்சு முடிச்சுக்கலாமா?" என்றார் மாமாப் புலி.

"முடிக்கலாம், சார்" என்றாள் கோமளவல்லி. "ஆனா நான் ஒருத்தி மூணு பேருக்குப் பத்தமாட்டேன். எல்லாரும் ஏன் வரலை, அவங்களை எப்படி வரவைக்கறதுன்னு யார் சார் கண்டுபிடிப்பா? இதுக்கு மேலும் ஆய்வு தேவை."

புலி யோசித்தது. படித்த புலி அல்லவா. "எவ்வளவு காலம் ஆகும்?"

"முதற்கட்டத்துக்கே சில வருஷம் ஆகும், சார். அப்புறம் அதைச் சரிபார்க்கணும். ஒரு ஆய்வு உதவியாளர் வேணும். ரெண்டு பேரும் தினமும் சாயங்காலம் இங்கே வந்து தண்ணி குடிச்சுப் பாக்கணும்."

"சரி. இடைக்கால அறிக்கையை மட்டும் மறக்காம அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் புலி பசியோடு திரும்பிப் போனது.

இப்போது கோமளவல்லி குட்டை ஆய்வு மையத்தின் இயக்குநர். தங்கைதான் ஆய்வு உதவியாளர். அக்காவும் தங்கையும் சாயங்காலங்களில் வரிசை இல்லாமல், இடிபடாமல், வயிறு முட்டக் குடிக்கிறார்கள். யாரும் தொந்தரவு செய்யாதபடி புலியே தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறது. மற்ற விலங்குகள் காலை வரிசையில் நிற்கின்றன. இடைக்கால அறிக்கைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கின்றன.

நீதி: விடையைக் கண்டுபிடித்த மானைப் புலி தின்றுவிடும். தேடிக்கொண்டே இருக்கிற மானுக்கு ஓர் ஆய்வு மையம் வைத்துக் கொடுக்கும்.