மாமனார் மீசையில் ஏறிய செம்பு

ஒரு விஷயம் புதிதாகத் தெரிந்தவுடன் ஊருக்கே வகுப்பெடுக்கும் ஆட்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் நான் தலைவன்.

ஜவ்வாது மலையில் ஒரு தங்கும் விடுதியின் நீச்சல் குளம் என் பொறுப்பில் இருந்தது. அதற்குப் புதுக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். செம்பும் வெள்ளியும் கலந்த கட்டைகளில் லேசாக மின்சாரம் பாயும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அயனிகளாக நீரில் கலக்கும். செம்பு பாசியை ஒழிக்கும், வெள்ளி கிருமியை ஒழிக்கும். குளோரின் முன்பைவிடக் கொஞ்சமாகப் போட்டால் போதும். சில நாள் கழித்துக் காலையில் போய்ப் பார்த்தேன். குளத்தின் அடியில் டைல்ஸ் கோடுகூடத் தெரிந்தது. மேலே போன மேகம் முழுசாக உள்ளேயும் போனது. மெய்சிலிர்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் பெண் வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு. கூட வந்திருந்த பெண் மலர்விழியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவள் அப்பா ஆலங்காயத்துப் புளி வியாபாரி. தலை வழுக்கை, மீசை மட்டும் பால்வெள்ளையில் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

அவரை அசத்துவதற்காகக் கருவியை முழு அளவுக்குத் திருகிவைத்தேன். நீரில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்த பிறகே கூட்ட வேண்டும் என்று பொருத்தியவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். (செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கா? உடம்புக்கு நல்லதுதானே, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்!)

"இன்னா தம்பி இது, கண்ணே எரியலீங்க! மருந்து வாடையும் இல்ல!" என்று அவர் தங்கியிருந்த இரண்டு நாளும் குளத்தைவிட்டு ஏறவில்லை.

கிளம்பும் காலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். மீசை கிளிப்பச்சையில் இருந்தது. வழுக்கையானதால் தலை தப்பியது.

"இன்னாடா பண்ண என் மீசைய?"

மரியாதை போய்விட்டது, அடுத்துப் போகப்போவது கல்யாணம்தான். "செம்பு... கொஞ்சம் தூக்கலா..." என்று உளறினேன்.

மலர்விழி சிரிப்பை அடக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "செம்புல ஏறுற களிம்புதாம்பா. வூட்ல செம்புக் குடத்துக்கு இன்னா போட்டுத் தேய்க்கிறோம்?"

வண்டியில் கிடந்த புளியை எடுத்து வந்து, அப்பாவைக் குழாயடியில் உட்காரவைத்துத் தேய்த்தாள். பச்சை இறங்க இறங்க நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இப்படி ஒரு பெண்ணா!

கண்ணாடியில் மீசையைச் சரிபார்த்துவிட்டு அவர் என்னை முறைத்தார். "தண்ணி சோக்காதான் கீது. நீதான் ஓவரு. தனியா வுட்டா ஊரையே பச்சையாக்கிடுவ. எம்பொண்ணு கூட இருந்தாத்தான் சரிப்படும்."

அதற்கப்புறம் சோதிக்காமல் நான் அந்தத் திருகைத் தொட்டதில்லை. ஆனால் மாமனார் நம்புவதாயில்லை. இன்றைக்கும் நான் தண்ணீர் கொடுத்தால், குடித்து முடித்ததும் மகளைக் கூப்பிட்டு மீசையை நீட்டுகிறார்.

"இன்னா கலர் கீது, பார்த்து சொல்லும்மா."