ஆத்துமாக்கள் பெட்டிக்குள் என் மலச் சோதனை

லாசால், மொன்றியல்
27.11.2006

புனித அந்தோனியார் துணை. அவராவது என் பக்கம் நிற்கட்டும்.

அன்புள்ள தம்பி பேனாட்டுக்கு,

நீயும் நிரஞ்சனியும் லவாலில் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நானும் சுகம். இதை நீயாவது நம்பு, கோவிலில் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

எனக்கு மூலவியாதி. டொக்டர் சொல்லவில்லை, நானே நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கண்டுபிடித்தேன். மலத்தோடு இரத்தம் போனால் மூலம் என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. ஐம்பது தாண்டியவருக்கு இரத்தமும் போய், மலம் போகும் வழக்கமும் கிழமைக்கணக்காக மாறி, உடம்பும் மெலிந்தால் குடலைச் சோதிக்கவேண்டும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அது எனக்குப் பொருந்தாது. என் இடுப்புப் பட்டி இரண்டு ஓட்டை உள்ளே போனது உண்மை, ஆனால் இந்த நாட்டுத் தோல்பட்டி குளிருக்கு இழுபடும்.

இரத்தக் கதையை டொக்டரிடம் நான் சொல்லவில்லை. கேட்டால்தானே! அவர் வயதானவர்களுக்குக் கொடுக்கும் மலச் சோதனை அட்டையைத் தந்தார். மூன்று நாள் குச்சியால் தடவி, உறையில் போட்டு ஒட்டி, பெயர் எழுதி அனுப்பவேண்டும். அதே கிழமை கோவிலிலும் ஓர் உறை தந்தார்கள். நவம்பர் ஆத்துமாக்கள் மாதமல்லவா, வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பீடத்தடியில் பெட்டியில் வைத்து மன்றாடுவார்கள். இரண்டு உறையையும் என் மனுசி பிலோமினம்மா பிரிட்ஜுக்கு மேலே வைத்தாள். ஆகவே பிழை அவளுடையது. அப்பு ஆச்சியின் பெயர்கள் கிளினிக்குக்குப் போய்விட்டன. என்னுடையது பெட்டிக்குள் போய், மூன்று ஞாயிறு சாம்பிராணியும் வாங்கிவிட்டது.

நேற்றுப் பூசையிலை சுவாமி உறையைத் தூக்கி, "மரியதாசனின் ஆத்துமா இளைப்பாறுவதாக" எண்டார். பின்வாங்கிலை மாக்கிரட் என்ரை தோளைத் தட்டி, "அண்ணை, எப்ப செத்தனீங்கள்?" எண்டு கேக்கிறாள். "சாகேல்லை பிள்ளை, மூலம்" எண்டன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிப்போட்டன். சுவாமி உறையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பேந்து கை கழுவினார் பார், பூசைக்குக் கழுவுறதைவிட மூன்று தரம் கூட.

இண்டைக்குக் காலமை கிளினிக் நேர்ஸ் போன். விளங்காத எழுத்திலை ஒரு தாள்தான் வந்திருக்காம். மனுசி போனைப் பறிச்சு, "சாங்! போக்கு சாங்!" எண்டு கத்தினாள். அவளுக்குப் பிரெஞ்சிலை பதினைஞ்சு சொல்லுத்தான் தெரியும். அதிலை "போக்கு சாங்" எண்டால் நிறைய இரத்தம் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். இனி அட்டை வேண்டாமாம், வாற செவ்வாய் பின்பக்கத்தாலை கமரா விடப்போகினமாம்.

நான் போகமாட்டேன். "அண்ணை, போங்கோ" என்று நீயும் போனில் அழாதே. போன வருடம் உனக்கு இரத்தம் வந்தபோது மூலம் என்று நான்தானே சொன்னேன்? உயிரோடுதானே இருக்கிறாய்?

மடுமாதா உன் வீட்டையும் உன் குடலையும் காப்பாளாக.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் அண்ணன்
மரியதாசன்

பி.கு. 8.12.2006: கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. செவ்வாய் போனேன், மனுசி சப்பாத்தை மாட்டிவிட்டுக் கதவடியில் நின்றாள். மூலம் இல்லை. குடலில் கச்சான் கடலை அளவில் ஒரு முளை, அதை அங்கேயே எடுத்தார்கள். இன்னொன்று பெரிது, கெட்டது. தை மாதம் ஒரு சாண் குடலோடு வெட்டுவார்கள். பிந்தவில்லையாம். கூடப்பிறந்தவர்களும் சோதிக்கவேண்டுமாம். உனக்கு மூலம் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நிரஞ்சனி உனக்கு நாள் எடுத்துவிட்டாள், பேசாமல் போ. சுவாமி பட்டியலில் என் பெயரை இன்னும் வெட்டவில்லை. அதற்குக் கீழே உன்னுடையதை எழுத நான் விடமாட்டேன்.